லோபாகின் கையில் செல்போன் வேண்டாம்

கேள்வி: செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ மாதிரி பழைய ரஷ்ய நாடகத்தை இன்று மேடையேற்றுபவர்கள் சமோவார் என்ற தேநீர்க் கொதிகலன், நீள அங்கி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதில் வரும் வியாபாரி லோபாகினை ரியல் எஸ்டேட் தரகராக்கி, கையில் ஒரு செல்போனும் கொடுத்தால்தானே இளைஞர்களுக்குப் புரியும்?

பதில்: எனக்கு உடன்பாடு இல்லை. செல்போன் வந்த கணமே லோபாகினின் அப்பா கதையிலிருந்து காணாமல் போய்விடுவார். அவரும் தாத்தாவும் சீமாட்டி ரனேவ்ஸ்காயாவின் குடும்பப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். சமையற்கட்டுக்குள்கூட அவர்களை விட்டதில்லை. அதே பண்ணையைத்தான் பேரன் ஏலத்தில் எடுக்கிறான். எடுத்துவிட்டு வந்து சிரிக்கிறான், தரையில் காலை உதைக்கிறான், ரனேவ்ஸ்காயா அழுவதைப் பார்த்துக் கண் கலங்குகிறான். தரகு கிடைத்த சந்தோஷமா இது? ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தது. ‘அந்தக் கேடு வருவதற்கு முன்னாலும் இப்படித்தான் ஆந்தை அலறியது’ என்கிறார் 87 வயது வேலைக்காரர் ஃபிர்ஸ். எந்தக் கேடு என்று கேட்டால், ‘விடுதலைதான்’ என்கிறார். இந்த வசனத்தை எந்த செல்போன் காலத்தில் கொண்டுபோய் வைப்பீர்கள்?

சரி, அப்புறம் இளைஞர்கள் ஏன் கொட்டாவி விடுகிறார்கள்? உடுப்பால் அல்ல, இழுவையால். செகாவ் இதை நகைச்சுவை நாடகம் என்றே எழுதிக் கொடுத்தார். 1904இல் மாஸ்கோ கலை அரங்கில் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைக் கண்ணீர் நாடகமாக்கிவிட்டார். 12 நிமிடத்தில் முடிய வேண்டிய நான்காம் அங்கம் 40 நிமிடம் இழுக்கிறது என்று, ரனேவ்ஸ்காயாவாக நடித்த தன் மனைவி ஓல்காவுக்கே செகாவ் கடிதம் எழுதினார். அடுத்த சில மாதங்களில் இறந்தும் போனார். இன்றும் பல மேடைகளில் அதே பெருமூச்சுதான்.

அந்த நான்காம் அங்கத்தில், ரனேவ்ஸ்காயாவின் வளர்ப்பு மகள் வார்யாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்கச் சொல்லி லோபாகினைத் தனியே விட்டுப் போகிறார்கள். ஒரு நிமிட வேலை. அவள் மூட்டை முடிச்சுகளில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள். எதை என்று அவளுக்கே தெரியவில்லை. ‘குளிர்தான். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி’ என்கிறான் அவன். ‘நான் பார்க்கவில்லை. எங்கள் தெர்மாமீட்டரும் உடைந்துவிட்டது’ என்கிறாள். வெளியிலிருந்து யாரோ கூப்பிட, இதற்காகவே காத்திருந்தவன்போல் போய்விடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து, துணி மூட்டையில் தலை சாய்த்து அழுகிறாள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிய யாருக்கும் இது புரியும். நடிகர்கள் மளமளவென்று பேசிக்கொண்டே வரட்டும். தெர்மாமீட்டர் உடைந்த இடத்தில் மட்டும் நிறுத்தட்டும். அங்கே ‘மௌனம்’ என்று செகாவே எழுதி வைத்திருக்கிறார். தயவுசெய்து அதில் பின்னணி இசையைப் போட்டு நிரப்பாதீர்கள்.