எடிசன் நகர மொழி அட்டவணையைப் படிக்கும் முறை

நியூஜெர்சியின் எடிசனில் நடத்தவிருக்கும் மருத்துவ முகாமுக்கு எத்தனை தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தேவை என்று கணக்கிட, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பில் ‘ஆங்கிலத்தை மிக நன்றாகப் பேசாதவர்கள்’ என வரும் எண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டில் வேறு மொழி பேசும், 5 வயது நிரம்பியவர்களைப் பற்றி மட்டுமே ‘ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார்’ என்ற கேள்வி கேட்கப்படுகிறது. அதற்குரிய நான்கு விடைகளில் ‘மிக நன்றாக’ என்பதைத் தவிர மற்ற மூன்றும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவதால், ‘நன்றாக’ என்று குறித்த பொறியாளரும் ஆங்கிலமே அறியாத பாட்டியும் அதில் சேர்ந்தே நிற்பார்கள். போதாததற்கு, வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் படிவத்தை நிரப்பலாம் என்பதால், அம்மாவின் ஆங்கிலத்தை மகன் மதிப்பிடுவதும் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல், நகர அளவிலான அட்டவணையில் தமிழ் தனியாக வராது என்பதுதான். குஜராத்தி ‘பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்’ என்பதற்குள்ளும், தமிழ் ‘பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்’ என்பதற்குள்ளும் கரைந்துவிடும். ஆகவே தமிழர்களின் நிலையை மாநில அட்டவணையான பி16001-இல் பாருங்கள். முகாமுக்கு வரக்கூடிய முதியோருக்கு, 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பிரித்துக் காட்டும் பி16004-ஐ, ஐந்து ஆண்டுகளின் தரவைச் சேர்த்த தொகுப்பில், பிழை வரம்போடு (எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதோடு) சேர்த்துப் படியுங்கள்.