வீட்டில் கைவேலை செய்ய அடிப்படையாக என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

கேட்டவர் ஏற்காட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மாதம் ஒரு முறைதான் சேலம் இறங்க முடியும், ஒரே தடவையில் எதையெல்லாம் வாங்கி வைத்தால் வேலை பாதியில் நிற்காது என்று கேட்டிருக்கிறார். நான் சேலம் அம்மாப்பேட்டை. பட்டுநூல் வளையல், கொலு அலங்காரம், ஆரத்தித் தட்டு எல்லாம் பல வருடமாகச் செய்து கொடுக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

எந்த வேலை எடுத்தாலும் தேவைப்படும் பொருள் சில இருக்கிறது. பசை, கத்தரி, கட்டர், இரும்பு ஸ்கேல், ஊசி நூல், பென்சில். இவற்றைத் தரமானதாகப் பார்த்து எப்போதும் கையிருப்பு வையுங்கள். மணி, கல், ஜமிக்கி, கலர் பேப்பர் எல்லாம் என்ன செய்யப் போகிறோம் என்று முடிவான பிறகு, அந்த வேலைக்கு வேண்டிய அளவு மட்டும். நிறைய வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது, டப்பா டப்பாவாக முத்தும் கல்லும் கிடக்கும், உருப்படியாக ஒட்ட ஒரு பசை இருக்காது.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்த பொருள் பிரிந்து வருவது பெரும்பாலும் பொருந்தாத பசையால்தான். பேப்பர், அட்டை, நூல், துணி, தெர்மாகோல் இதற்கெல்லாம் ஃபெவிகால் எம்ஆர் மாதிரியான வெள்ளைப் பசை போதும். அது தண்ணீர் வற்றித்தான் இறுகும், அதனால் சேலம் வெயிலில் சீக்கிரம் காய்வது உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் நிறைய நேரம் எடுக்கும், நாளைக்குப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய மாடலை இன்று ராத்திரி ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். கல், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் ஒட்ட ஃபெவிக்விக் சின்ன டியூப் இரண்டு மூன்று வையுங்கள், பெரிதாக வாங்கினால் திறந்த பிறகு உறைந்துபோகும். ஆனால் அதைப் பருத்தித் துணியிலோ பஞ்சிலோ விடவே கூடாது. பஞ்சு பட்டதும் அந்தப் பசை வேகமாகச் சூடேறும், விரலைச் சுட்டுவிடும் அளவுக்கு. பருத்திச் சட்டை போட்ட பிள்ளையின் மடியில் சொட்டினாலும் அதே கதைதான், அதனால் அந்த டியூப் பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். அப்புறம், ரப்பர் சொல்யூஷன் வாசம் அடிக்கும் பசைகளைத் தெர்மாகோலில் தடவினால் தெர்மாகோல் கரைந்து குழி விழும்.

பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் குளூ கன் வாங்குவதாக இருந்தால் குச்சியின் அளவைப் பார்த்து வாங்குங்கள். சின்ன கன்னுக்கு 7 மி.மீ. குச்சி, பெரியதற்கு 11 மி.மீ., ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. கன் ஒரு அளவு, குச்சி வேறு அளவு என்று ஆகிவிட்டால், மறுபடி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது கொடுமை. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

நம் ஊர்ப் பசை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். சேலம் சுற்றுவட்டாரமே குச்சிக்கிழங்கும் (மரவள்ளிக்கிழங்கு) ஜவ்வரிசியுமாக இருக்கும்போது காகித வேலைக்குக் கடைப் பசையை ஏன் லிட்டர் கணக்கில் வாங்க வேண்டும்? கிழங்கு மாவு ஒரு பங்கு எடுத்து முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்தாறு பங்கு தண்ணீர் வருகிற மாதிரி ஊற்றி, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிளறி இறக்கினால் அருமையான பசை. காகிதக் கூழ் பொம்மை, முகமூடி, பட்டம் எல்லாவற்றுக்கும் அது போதும். பூச்சி வராமல் இருக்க புத்தக பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு, அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டாம். கொஞ்சமாகக் காய்ச்சி, மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

கத்தரி இரண்டு வேண்டும், துணிக்கு ஒன்று, பேப்பருக்கு ஒன்று. பேப்பர் வெட்டிய கத்தரி மழுங்கிவிடும், அப்புறம் துணியை மென்று துப்பும். துணிக் கத்தரியின் பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டால் வீட்டில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். கட்டருக்கு முனை ஒடித்துக்கொள்ளும் பிளேடு ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குங்கள், மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். கம்பி, கொக்கி வைத்து நகை செய்கிற ஆசை இருந்தால் மூக்குக் குறடு ஒன்று நல்லதாக வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர்களிடம் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தினமும் குறடு பிடிக்கிறவர்களுக்கு எது நிற்கும் என்று தெரியும்.

பேப்பர் வாங்கும்போது ஜிஎஸ்எம் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80, வாழ்த்து அட்டை நிற்க வேண்டுமென்றால் 200க்கு மேல். அட்டைக்கென்று தனியாகச் செலவு செய்யாதீர்கள், பழைய காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை, புடவைப் பெட்டி, இவற்றைச் சேர்த்து வைத்தாலே வருடம் ஓடிவிடும்.

வளையல் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். வெறும் பிளாஸ்டிக் வளையல் 2-4, 2-6, 2-8 என்று விற்பார்கள். 2-4 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பாகமும், அதாவது உள்விட்டம் இரண்டே கால் அங்குலம். 2-8 இரண்டரை. நூல் சுற்றினால் உள்பக்கம் கொஞ்சம் இறுகும், அதனால் நூல் தடிமனாகச் சுற்றுவதாக இருந்தால் ஒரு அளவு பெரியதாக எடுங்கள்.

ஏற்காட்டில் வாங்குவதைவிடப் பாதுகாப்பதுதான் கஷ்டம். மழைக்காலத்தில் தாள் நெளியும், ஊசி துருப்பிடிக்கும், காகிதக் கூழ் பூசணம் பிடிக்கும். பிஸ்கட் டின், முறுக்கு டின் மாதிரி இறுக்கமாக மூடும் டப்பாக்களில் வைத்து, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பாக்கெட்டுகளை உள்ளே போடுங்கள், இல்லையென்றால் நாலு சாக்பீஸ் போட்டாலும் ஈரத்தை இழுக்கும். பசை டப்பா மேல் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு உங்கள் ஊரிலேயே காசில்லாமல் கிடைக்கும் பொருள் எவ்வளவோ. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளியாக மினுங்கும், பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகம் ஏற்றி, ஈரம் வாங்கிய தாளைத் தினமும் மாற்றினால் அழகாகக் காயும். காப்பி டிகாஷனைத் தாளில் தடவினால் பழங்கால ஓலை நிறம் வரும், கடையில் அதற்குத் தனித் தாள் விற்கிறார்கள், வேண்டியதில்லை.

நூலுக்கு எங்கள் பக்கம் வாருங்கள். அம்மாப்பேட்டையில் தறி இருக்கும் வீடுகளில் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீரும்போது வெட்டி எடுக்கும் மிச்ச நூல் இருக்கும், மரியாதையாகக் கேட்டால் கொடுப்பார்கள், பொம்மைக்கு முடி, குஞ்சம், நெய்து பார்க்கும் விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஆகும். மற்றதெல்லாம் சின்னக்கடை வீதி, முதல் அக்ரஹாரம் பக்கம் நடந்தாலே பேன்சி கடைகளில் முடிந்துவிடும். வாரநாள் காலையில் வாருங்கள், கடைக்காரருக்கு எடுத்துக் காட்டப் பொறுமை இருக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் அந்தப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, அந்த மாதம் வாங்க வேண்டியதை ஆனியிலேயே வாங்கிவிடுங்கள். கொலுவுக்கு வேண்டிய கல்லும் லேஸும் ஆவணி முடிவதற்குள் எடுத்தால்தான் நல்ல நிறங்கள் மிஞ்சியிருக்கும்.