யுவென்டஸ் ஃப்ரீயா எடுத்த ப்ளேயர்ஸ்: கேட்டதும் சொன்னதும்

இத்தாலி ஃபுட்பால் க்ளப் யுவென்டஸ் ஃப்ரீயா எடுத்த ராம்சே, ரபியோ, போக்பா எல்லாம் நல்ல சைனிங்கா, வேஸ்டான்னு ரெண்டு நாளா சண்டை ஓடிக்கிட்டே இருக்கு, ஆளாளுக்கு கோபம், எனக்கும்தான். 2006ல செரி பி-க்கு, அதாவது இத்தாலியோட ரெண்டாவது டிவிஷனுக்கு இறக்கிவிட்டப்ப கூட விடாம பாத்த டீம் இது, அதனால தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கேளுங்க.

அண்ணா, மொதல்ல ஒரு சந்தேகம். காண்ட்ராக்ட் முடிஞ்ச ப்ளேயரைத்தானே ஃப்ரீ ஏஜென்ட்னு சொல்றோம், அவங்க நிஜமாவே காசு இல்லாமலா வர்றாங்க?

பழைய க்ளப்புக்கு காசு கிடையாது, அவ்வளவுதான்பா. 1995 டிசம்பர்ல போஸ்மன் தீர்ப்பு வந்துச்சு. பெல்ஜியம் ப்ளேயர், லியேஜ் க்ளப்ல காண்ட்ராக்ட் முடிஞ்சும் ஃப்ரான்ஸ்ல டன்கிர்க்குக்குப் போக விடல, கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சார். இப்போ காண்ட்ராக்ட்ல கடைசி ஆறு மாசம் இருக்கும்போதே வேற க்ளப்போட கையெழுத்து போட்டுக்கலாம். ஆனா பழைய க்ளப்புக்குக் குடுக்காம மிச்சமாகுற காசு சம்பளத்துலயும் சைனிங் போனஸ்லயும் ஏஜென்ட் கமிஷன்லயும் போயிடும். இன்னொண்ணு, இத்தாலில பேப்பர்ல போடுற சம்பளம் வரி போக ப்ளேயர் கைக்கு வர்றது, க்ளப்புக்கு ஆகுற செலவு பொதுவா அதுல கிட்டத்தட்ட டபுள். இதை மறந்துட்டுத்தான் நெறைய பேரு "சும்மா கெடச்சான்"னு பேசுறாங்க.

ராம்சே இங்கிலாந்துல ஆர்சனல் க்ளப்ல அவ்வளவு நல்லா ஆடினாரே ப்ரோ, இங்க வந்து ஏன் ஊத்திக்கிச்சு?

என்னை ரொம்ப வருத்தப்பட வெச்ச சைனிங் இதுதான். 2014, 2017 ரெண்டு எஃப்ஏ கப் ஃபைனல்லயும் ஜெயிக்க வெச்ச கோல் அடிச்ச ஆளு, பாக்ஸுக்குள்ள லேட்டா ஓடி வந்து அடிக்கிறதுல கில்லாடி. 2019 பிப்ரவரில நம்ம டீமோட கையெழுத்து போட்டார், அப்போ கோச் அலெக்ரி. ஏப்ரல்ல நாப்போலி மேட்ச்ல ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடை தசை) போயிடுச்சு, அதுக்கப்புறம் ஆர்சனலுக்கு ஒரு மேட்ச் கூட ஆடல. ஜூன்ல பாத்தா அலெக்ரி இல்ல, சர்ரி வந்துட்டார். அதாவது யாருக்காக எடுத்தாங்களோ அந்த கோச் போயிட்டார், வந்த ஆளு காயத்தோட வந்து நிக்கிறார், புதுசா வந்த கோச்சுக்கு இவரை எங்க ஆட வைக்கிறதுன்னே புரியல, அடுத்த வருஷம் நம்ம பழைய மிட்ஃபீல்டர் பிர்லோ கோச், அதுக்கு அடுத்த வருஷம் திரும்ப அலெக்ரி, இப்படி மூணு சீசன்ல மூணு கோச். அதுக்குள்ள உடம்பும் அடிக்கடி கைவிட்டுச்சு.

ஆனா 2020 மார்ச்ல இன்டர் கூட நடந்த மேட்ச் ஞாபகம் இருக்கா? கொரோனாவால ஸ்டேடியம் காலி, பந்து உதைக்கிற சத்தம் கூட டிவில தெளிவா கேக்குது, அந்த அமைதியில ராம்சே மொத கோல் அடிச்சார், அப்புறம் டிபாலா ஒண்ணு, 2-0. அன்னைக்கு இவன் நம்ம ஆளுன்னு நம்பினேன். கடைசில 2022 ஜனவரில ஸ்காட்லாந்துல ரேஞ்சர்ஸ் க்ளப்புக்கு லோன் (தற்காலிகமா ஆட அனுப்புறது), ஜூலைல ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே காண்ட்ராக்ட்டை முடிச்சு அனுப்பிட்டாங்க.

இன்னொரு ஃப்ரீ மிட்ஃபீல்டர் எம்ரே சான் கதையும் இதேதான். 2018ல அலெக்ரிக்காக வந்தார், 2019ல சர்ரி அவரை சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய க்ளப் போட்டி) லிஸ்ட்லயே சேக்கல. என்ன, அவரை ஜெர்மனி க்ளப் டார்ட்மண்ட் விலை குடுத்து வாங்கிக்கிட்டாங்க, அதனால காசாவது வந்துச்சு.

ரபியோவையும் வேஸ்ட் லிஸ்ட்ல சேப்பீங்களா சார்?

இல்லங்க, சேக்க மாட்டேன். 2018 டிசம்பருக்கு அப்புறம் அவரோட பழைய க்ளப் பிஎஸ்ஜி (பாரிஸ் டீம்) அவரை ஆடவே விடல, அரை வருஷம் மேட்ச் இல்லாம வந்த ஆளு மந்தமாத்தான் ஆரம்பிப்பார். 2020 ஜூலைல மிலான் கூட பாதி கிரவுண்டை தனியா ஓடி அடிச்ச கோலைப் பாருங்க. அஞ்சு வருஷம் இருந்தார், 2022-23ல மிட்ஃபீல்டுல அவர்தான் தூண். ஆனா 2024ல அவரும் காண்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீயாவே கிளம்பிட்டார், வந்த வழியிலேயே போயாச்சு, நமக்கு ஒரு பைசா இல்ல.

அப்போ பிர்லோ ப்ளேயரா ஃப்ரீயா வந்தப்ப மட்டும் எப்படி செட் ஆனார்?

2011ல நம்ம டீம் தொடர்ந்து ரெண்டு வருஷம் ஏழாவது இடம். நடு மைதானத்துல பந்தை வாங்கி ஆட்டத்தை ஓட்ட ஆள் இல்ல, அது எல்லாருக்கும் தெரியும். மிலான் விட்ட பிர்லோ வந்தார், கோன்டே அவரை சுத்தி டீமைக் கட்டினார், அவர் ஓட வேண்டிய ஓட்டத்தை விடாலும் மார்க்கிசியோவும் ஓடினாங்க. 2011-12 லீக்ல 38 மேட்ச்ல ஒண்ணு கூட தோக்கல! பிர்லோ இருந்த நாலு சீசனும் நாலு டைட்டில். 32 வயசு ஆளு சார் அவர். தேவை என்னன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு ஆளைத் தேடினாங்க, 2019ல ஆளு கெடைக்கிறார்னு எடுத்துட்டு அப்புறம் இடம் தேடினாங்க.

தலைவா, போக்பாவைத் திரும்ப எடுத்தது சென்டிமென்ட்தானே?

ஆமா, அதுல நானும் விழுந்தேன். 2012ல 19 வயசுல வந்தார், 2016ல 10.5 கோடி யூரோவுக்கு வித்தோம், அன்னைக்கு உலக ரெக்கார்டு. கணக்குப் புத்தகத்துல ஃப்ரீ ப்ளேயரோட மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்ங்கிறதால வித்தா பெரும்பாலும் லாபம்தான், அந்த ருசிதான் க்ளப்பை விடல. 2022ல திரும்ப வந்து ஒரே மாசத்துக்குள்ள முட்டில மெனிஸ்கஸ் (குருத்தெலும்பு) காயம். மொதல்ல ஆபரேஷன் வேணாம்னு இருந்துட்டு செப்டம்பர்ல பண்ணினாங்க, உலகக் கோப்பையும் போச்சு. 2023 மே 14, கிரெமோனேசே மேட்ச்ல மொத தடவையா ஸ்டார்ட் பண்ணினார். அரை மணி நேரம் கூட ஆகல, தொடை பிடிச்சுக்கிச்சு, அழுதுக்கிட்டே வெளிய நடந்தார், திட்டணும்னு உக்காந்திருந்தவனுக்குக் கூட வாய் வரல. ஆகஸ்ட்ல ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டினார், நாலு வருஷத் தடை, அப்பீல்ல 18 மாசமாக் குறைஞ்சுது, ஆனா 2024 நவம்பர்ல க்ளப் காண்ட்ராக்ட்டை முடிச்சிடுச்சு.

டி மரியா?

ஒரே வருஷம். ஃப்ரான்ஸ்ல நான்ட் டீம் கூட அவங்க ஊர்லயே போய் ஹாட்ரிக் அடிச்சார், அந்த மொத கோல் இன்னும் கண்ணுல நிக்குது. மோன்சா மேட்ச்ல முழங்கையால இடிச்சு ரெட் கார்டும் வாங்கினார். 34 வயசுல அவ்வளவுதான் எதிர்பாக்கணும்.

நம்ம டீமுக்கு மட்டும்தான் இப்படி நடக்குதா அண்ணா?

இல்லப்பா. ஆர்சனல் 2020ல வில்லியனுக்கு மூணு வருஷ காண்ட்ராக்ட் குடுத்து ஒரே வருஷத்துல அனுப்பினாங்க. பிஎஸ்ஜி 2021ல ஃப்ரீயா எடுத்த வைனால்டம் அடுத்த வருஷமே ரோமாவுக்கு லோன்.

அப்போ புதுசா ஃப்ரீயா வந்த ஸ்ட்ரைக்கர் ஜொனாதன் டேவிட் விஷயத்துல பயப்படணுமா?

ராம்சே மாதிரி காயத்தோட வரல, 2025ல ஃப்ரான்ஸ் க்ளப் லில்-ல இருந்து வந்தப்ப வயசு 25, அங்க சீசனுக்கு சீசன் கோல் அடிச்ச ஆளு. அந்த விதத்துல நல்ல சைனிங்தான், அந்தப் பையன் ஜெயிக்கணும்னு மனசார ஆசைப்படுறேன். என் பயம் வேற. வந்தப்ப கோச் டூடோர், அக்டோபர் முடியறதுக்குள்ள அவரைத் தூக்கிட்டு ஸ்பல்லெட்டியைக் கொண்டு வந்துட்டாங்க.