சம்பளம் குறைந்தாலும் வேலையை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. வீடு கோவையில். திருப்பூரில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் நான்கு ஆண்டு நான்கு மாதங்களாகப் பணிபுரிகிறேன்; பிடித்தம் போகக் கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வரும் முதியவர்களிடம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி விற்க வேண்டும் என்று மாதந்தோறும் இலக்கு வைக்கிறார்கள். சென்ற வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசிக்குக் கையெழுத்து வாங்கினேன். அதையும் வைப்புத்தொகை என்றே நினைத்துக்கொண்டு, அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை. கோவையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் கணக்கர் வேலைக்கு அழைக்கிறார்கள். சம்பளம் 28,000 ரூபாய். கணவர் சம்மதிக்கிறார். ஆனால் ஊழியர் சலுகை வட்டியில் வங்கியில் வாங்கிய வீட்டுக் கடனில் 14 லட்சம் ரூபாய் பாக்கி இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள மாமியாரின் மருத்துவச் செலவு வங்கியின் குழுக் காப்பீட்டில்தான் நடக்கிறது. வேலையை விடலாமா?

— வாசகி, கோவை

பதில்: முதலில் அந்த ஆசிரியரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. பாலிசி ஆவணம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், தனக்கு அது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, சிறு பிடித்தம் போகக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. இன்றே அவரை அழைத்து, அது வைப்புத்தொகை அல்ல என்பதையும், திருப்பிக் கொடுக்க வழி இருப்பதையும் சொல்லுங்கள். உங்கள் மாத இலக்கில் ஒன்று குறையும், குறையட்டும்.

மேலாளர் கடுமையானவர், அலைச்சல் அதிகம் என்பன போன்ற குறைகள் என்றால் கிளை மாற்றம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களை உறுத்துவது, உங்களை நம்பி வந்தவருக்கு உங்கள் கையாலேயே நேர்ந்த தீங்கு. இந்த உறுத்தலைச் சம்பளத்துக்காகப் பழகிக்கொள்ளுங்கள் என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே நீங்கள் விலகுவதே சரி என்று கருதுகிறேன். எப்போது, எந்த ஏற்பாட்டோடு விலகுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டு சம்பளத்துக்கும் இடையிலான வித்தியாசம் 18,000 ரூபாய் என்று கணக்கிட்டிருப்பீர்கள். அதில் திருப்பூர் போய்வரும் செலவைக் கழிக்க வேண்டும். ஆனால் நீங்கள் கணக்கில் சேர்க்காத ஒன்றும் இருக்கலாம். ஊழியருக்குத் தரும் வட்டிச் சலுகை வழக்கமாகப் பணியோடு முடிந்துவிடும். பதவி விலகினால் கடன் பொது வட்டிக்கு மாறும், சில ஒப்பந்தங்களில் முழுத் தொகையையும் கட்டச் சொல்லும் நிபந்தனைகூட இருக்கும். வட்டி 2 சதவீதம் கூடினால், 14 லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 28,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 2,300 ரூபாய் கூடுதலாகும். கடன் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதானால், இப்போதைய சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

மாமியாரின் காப்பீடு அதைவிட அவசரமானது. தனியாகப் புதிய பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டி வரலாம். குழுக் காப்பீட்டை வழங்கும் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு; அப்படி மாறினால் குழுவில் இருந்த காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பணியில் இருக்கும்போதே இதை எழுத்தில் கேளுங்கள். பள்ளிச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுவதால் அங்கே ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு வசதி கிடைக்காமல் போகலாம். வருங்கால வைப்புநிதி உண்டா என்பதையும் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால் பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். பணத்தை எடுத்துவிட வேண்டாம், ஏனெனில் ஐந்தாண்டு முடியாமல் எடுத்தால் வரி வரக்கூடும், ஓய்வூதியத்துக்கும் மொத்தம் பத்தாண்டுப் பணி வேண்டும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறத் தேவையான ஐந்தாண்டுப் பணி நிறைவடைய இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. உங்கள் அடிப்படைச் சம்பளம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொகை ஏறத்தாழ 69,000 ரூபாய். பதவி விலகல் கடிதம் கொடுத்த பின் பணியாற்றும் அறிவிப்புக் காலமும் பணிக்காலத்தில் சேரும் என்பதால், அது மூன்று மாதங்கள் என்றால் ஐந்து மாதங்கள் கழித்துக் கடிதம் கொடுத்தால் போதும். அதுவரை பாலிசி விற்காத கவுன்ட்டர் வேலையோ அலுவலக வேலையோ தரும்படி கேளுங்கள். தர மறுத்தால், வருபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, விற்கிற வரை விற்றால் போதும் என்று இருங்கள்.

இந்த மாதங்களில், சம்பளம் வந்த அன்றே 18,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில் குடும்பம் நடத்திப் பாருங்கள். பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் வருகிற மாதங்களில் எங்கே இடிக்கிறது என்பது உங்களுக்கும் கணவருக்கும் கண்ணெதிரே தெரிந்துவிடும். எட்டு மாதத்தில் 1,44,000 ரூபாயும் கையில் சேர்ந்திருக்கும்.

பள்ளி நிர்வாகத்திடம் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லி அவகாசம் கேளுங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று அவர்கள் சொன்னால், பணிக்கொடையை விட்டுவிட்டும் போகலாம். ஆனால் கடன் வட்டிக்கும் மாமியாரின் காப்பீட்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.