சின்னம் கைக்கு வரும் முன்பே போஸ்டர் செய்யலாமா?

தேர்தல் டிசைன் பற்றிக் கொங்குப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் சில.

சுயேச்சையாக நிற்கும் எங்க மாமாவுக்கு நான்தானுங்க போஸ்டர் செய்யணும். சின்னம் கடைசியில்தான் கொடுப்பாங்களாமே, அதுவரை என்ன செய்வது? (கோபிசெட்டிபாளையம்)

வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். வேட்புமனுவில் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் கேட்கலாம். எது கிடைத்தது என்பது மனு வாபஸ் முடிந்த பிறகுதான் தெரியும். வாபஸ் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டப்படி குறைந்தது 14 நாள். அதில் கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கிடையாது. மிச்சமிருக்கும் அந்தச் சில நாட்களில்தான் ஊரில் உள்ள அத்தனை வேட்பாளரும் பிரஸ் வாசலில் நிற்பார்கள்.

அதனால் பெயர், போட்டோ, வண்ணம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தாளில் மூன்றில் ஒரு பங்கைச் சின்னத்துக்குக் காலியாக விடுங்கள். கட்டம் சதுரமாக இருக்கட்டும். வரப்போவது நிற்கிற கேஸ் சிலிண்டரா, படுத்திருக்கிற கட்டிலா என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்திலேயே வரிசை எண்ணுக்கும் இடம் விடுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு வாக்குப்பதிவு மெஷினில் 16 பட்டன்தான். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். நோட்டாவோடு சேர்த்து ஐந்து மெஷின் வைக்க வேண்டியதாயிற்று. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்பதுதான் வரிசை. உங்க மாமா மூன்றாவது மெஷினில் இருந்தால் ‘மூன்றாவது மெஷின், இத்தனாவது எண்’ என்று சின்னத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் போடுங்கள். ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்ற வாசகத்தை அதற்காகத் தூக்கினாலும் தப்பில்லை.

டி-ஷர்ட்டுக்குக் கட்சிச் சின்னத்தைக் கொஞ்சம் ஸ்டைலாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். செய்யலாங்களா? (திருப்பூர்)

அளவை மாற்றலாம், உருவத்தை மாற்றாதீர்கள். எம்.எஸ்.சேத்தி என்ற தேர்தல் ஆணைய ஓவியர் பென்சிலால் வரைந்த படங்கள்தான் நம் சின்னங்களில் பல. மெஷினில் ஒட்டும் தாள் சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு, மக்களவைக்கு வெள்ளை. இரண்டிலுமே சின்னம் கறுப்பு மையில், சின்னதாகத்தான் இருக்கும். வாக்காளர் தேடுவது அந்த உருவத்தை. உதயசூரியனில் இரண்டு மலைகளை எடுத்துவிட்டு வெறும் வட்டமும் கதிரும் போட்டால் அது யாருடைய சூரியன்?

பின்னல் துணியில் ஸ்க்ரீன் பிரிண்ட் போடும்போது மெல்லிய கோடுகள் மை ஊறி அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். கோட்டைத் தடிமனாக்குங்கள், கோடுகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு பீஸ் அடித்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒருவரை நிற்க வைத்து என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அதன் பிறகு ஆர்டரை ஓட்டுங்கள்.

மொடக்குறிச்சியில் ஓட்டுச்சீட்டே புத்தகமாக இருந்ததாமே? (கல்லூரி மாணவி, ஈரோடு)

உண்மைதான். 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று கூட்டமாக மனு போட்டார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. அத்தனை பக்கத்தைப் புரட்டி ஒரு பெயரைக் கண்டுபிடிப்பதை யோசித்துப் பாருங்கள்! தெரிந்த சின்னத்துக்கு அங்கேதான் மதிப்பு. ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். இப்படிக் கூட்டமாக நிற்பதைக் குறைக்க அதே ஆண்டில் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

நோட்டீஸில் பிரஸ் பெயர் வேண்டாம், டிசைன் கெட்டுப்போகிறது என்கிறார் கட்சிக்காரர். (அச்சக உரிமையாளர், பவானி)

கெட்டால் கெடட்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ-படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் கட்டாயம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளியிடுபவரிடம் கையெழுத்திட்ட உறுதிமொழியை இரண்டு பிரதி வாங்குங்கள். அவரைத் தெரிந்த இரண்டு பேர் அதில் சான்றொப்பம் இட வேண்டும். அச்சடித்ததும் ஒரு பிரதியை நோட்டீஸோடு கலெக்டர் அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். கட்சிக்காரர் தேர்தல் முடிந்ததும் கிளம்பிவிடுவார், கடை உங்களுடையது.

ஒபாமாவின் ‘ஓ’ லோகோ மாதிரி நம் வேட்பாளருக்கும் ஒன்று செய்தால்? (டிசைன் மாணவர், கோவை)

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகச் செய்த அந்த லோகோ அருமையான வேலை. கோடு போட்ட வயலுக்கு மேல் சூரியன் எழுகிற மாதிரி ஓர் எழுத்து. சிகாகோவில் சால் செண்டர் என்ற டிசைனரின் குழு செய்தது. ஆனால் அங்கே தேர்தல் ஆணையம் வேட்பாளருக்கென்று சின்னம் ஒதுக்குவதில்லை, அதனால் லோகோவுக்குப் போட்டி இல்லை. இங்கே லோகோ ஒன்று, சின்னம் ஒன்று என்று இரண்டு படம் காட்டினால் பாட்டி எதைத் தேடுவார்?

2019, 2024 இரண்டு முறையும் நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி வேட்பாளர் நின்றது கூட்டணிக் கட்சியான தி.மு.க.வின் உதயசூரியனில். இப்படிப்பட்ட இடத்தில் சொந்தக் கட்சிக் கொடியையே ஓரமாக வைத்துத்தான் டிசைன் செய்ய வேண்டும். லோகோ ஆசையை வாட்ஸ்அப் படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸில் எத்தனை தலை வைக்கலாம்? (ராசிபுரம்)

டிசைனரைக் கேட்டால் இரண்டு. ஒன்றியச் செயலாளரைக் கேட்டால் இருபது. பில் அவர் கட்டுகிறார் என்றால் இருபதையும் அடிவரிசையில் ஒரே அளவில் அடுக்கிவிடுங்கள், சின்னத்தைத் தொடாமல்.

கடையில் கொடுத்தால் தமிழ் எழுத்து உடைந்து வருகிறதுங்க. (பொள்ளாச்சி)

உங்களிடம் யூனிகோட் எழுத்துரு, கடையில் பழைய கோரல் டிரா. எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது கோட்டு உருவமாக, மாற்றி பி.டி.எஃப்.-ஆகக் கொடுங்கள். மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், முக்கியமாக வேட்பாளர் பெயரை.