பறவைகளின் பாதாளம்: கிளாரினெட் கேள்வி பதில்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் ‘காலத்தின் முடிவுக்கான குவார்டெட்’ எட்டுப் பகுதிகள் கொண்டது. மூன்றாம் பகுதியான ‘பறவைகளின் பாதாளம்’ முழுக்கக் கிளாரினெட் என்ற ஊதுகுழல் வாத்தியம் மட்டும்தான். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: நான்கு பேர் வாசிக்கும் படைப்பில் ஒருவர் மட்டும் ஏன் தனியாக?

பதில்: எழுதத் தொடங்கியபோது குவார்டெட்டே கிடையாது. 1940-ல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட மெசியான், நான்சி நகருக்கு அருகே திறந்தவெளியில் மற்ற கைதிகளோடு இருந்தார். கூடவே கிளாரினெட் கலைஞர் ஆன்றி அகோக்காவும் செல்லோ கலைஞர் எட்டியென் பாஸ்கியேயும். அகோக்காவிடம் வாத்தியம் இருந்தது. அவருக்காக எழுதிய தாளை பாஸ்கியே கையில் பிடித்துக்கொள்ள, அகோக்கா வாசித்துப் பார்த்தார். இது கஷ்டம், முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டேதான்! அப்புறம் கெர்லிட்ஸ் போர்க்கைதி முகாமில் வயலின்காரரும் கிடைத்த பிறகுதான் மற்ற பகுதிகள் சேர்ந்தன. அரங்கேற்றம் அங்கேயே, 1941 ஜனவரி 15 அன்று.

கேள்வி: செல்லோவில் மூன்று தந்திகள்தான் இருந்தனவாமே?

பதில்: மெசியான் அப்படித்தான் சொல்லிவந்தார். நான்கும் இருந்தன என்றார் பாஸ்கியே. வாசித்தவர் பேச்சை நம்புகிறேன்.

கேள்வி: வேகமான பறவைக் குரல் பகுதிதானே கடினம்?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விரல் வேலை பழகப் பழக வந்துவிடும். ஆளைச் சோதிப்பது நீண்ட கார்வைகள். ஒரே ஸ்வரம், காதில் விழாத அளவில் தொடங்கி, வாத்தியத்தால் முடிந்த உச்ச சத்தம் வரை ஒரே மூச்சில் வளர வேண்டும். கிளாரினெட்டில் மெதுவாக ஊதினால் ஸ்ருதி ஏறும், பலமாக ஊதினால் இறங்கும். ஆகவே சத்தம் கூடக்கூட உதட்டுப் பிடியை நூலளவு மாற்றிக்கொண்டே போக வேண்டும். துணைக்குப் பியானோ இல்லை, பிசகினால் மறைக்க யாரும் இல்லை. தொடக்கத்தில் ரீடு (ஊதும் முனையில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாணல் பட்டை) அதிராமல் வெறும் காற்று மட்டும் வந்தாலும் போச்சு. கொஞ்சம் இளகிய ரீடு உதவும், ஆனால் உச்சத்தில் அதுவே கத்தும்.

கேள்வி: பாதாளம், பறவை, இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: மெசியானின் விளக்கப்படி பாதாளம் என்பது காலம், அதன் சோகமும் சலிப்பும். பறவைகள் அதற்கு நேர் எதிர்; ஒளிக்கும் வானவில்லுக்கும் ஏங்கும் நம் ஆசை. மந்தமாக இழையும் தொடக்கத்தையும் நடுவில் துள்ளும் பறவைக் குரல்களையும் கேட்டாலே இது புரியும், உரையே தேவையில்லை.

கேள்வி: இதில் நம் தாளங்கள் இருக்கின்றனவா?

பதில்: குவார்டெட்டில் உண்டு. சார்ங்கதேவரின் பழைய இசை நூலான ‘சங்கீத ரத்னாகரம்’ தரும் தேசி தாளங்களை மெசியான் படித்திருந்தார். முதல் பகுதியின் பியானோவில் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீச ஆகிய மூன்றையும் கோத்திருக்கிறார். தனிக் கிளாரினெட்டில் தாளம் போட்டுக் கேட்க முயலாதீர்கள், கை அந்தரத்தில் நின்றுவிடும்.

கேள்வி: நான் மூன்று வருடமாகக் கற்கிறேன். இப்போதே தொடங்கலாமா?

பதில்: முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். எட்டிலொரு பங்கு ஸ்வரத்துக்கு 44, அதாவது நிமிடத்துக்கு 44 எண்ணிக்கை, என்று மெசியான் வேகம் கொடுத்திருக்கிறார். அது தவிக்கவைக்கும் நிதானம், எண்ணுவதற்குள் அவசரம் வந்துவிடும். வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை 88-ல் வைத்து, அதில் இரண்டு தட்டை ஒரு எண்ணிக்கையாகக் கொள்ளுங்கள்.