வகுப்பில் கற்ற பிரெஞ்சு, தெருவில் கேட்கும் பிரெஞ்சு: கனடா வட்டார வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

கனடாவில் பேசப்படும் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஊருக்கு ஊர் எப்படி மாறுகின்றன என்று படிக்கவும் வேலைக்கும் போனவர்கள், போகவிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இரு மொழிகளின் ஒலியியலையும் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

ஹரிணி: அக்கா, சென்னையில் பிரெஞ்சு பி2 நிலை வரைக்கும் படிச்சிட்டு மாண்ட்ரியல் வந்து மூணு வாரம் ஆச்சு. செய்தி கேட்டால் புரியுது. கடையில் பேசினால் ஒரு சொல்கூடப் பிடிபடலை. எங்கே தொடங்குறது?

பதில்: சொற்பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள், ஹரிணி. உங்களைத் தடுப்பது சொல் இல்லை, ஒலி. நீங்கள் படித்த அதே சொற்களைத்தான் அவர்கள் பேசுகிறார்கள். ஐந்து ஒலி விதிகள் காதில் ஏறிவிட்டால் பெரும்பகுதி திறந்துகொள்ளும்.

முதல் விதி. 'இ' ஒலிக்கும், உதட்டைக் குவித்து 'ஈ' சொல்வது போன்ற அந்தப் பிரெஞ்சு 'யூ' ஒலிக்கும் முன்னால் வரும் 'த்', 'த்ஸ்' ஆகிவிடும். நீ என்ற 'த்யூ', 'த்ஸ்யூ' ஆகும். சிறிய என்ற 'ப்தி', 'ப்த்ஸி' ஆகும். செவ்வாய்க்கிழமை 'மார்தி' இல்லை, 'மார்த்ஸி'. மற்ற உயிர்களுக்கு முன்னால் இது நடக்காது. எல்லாம் என்ற 'தூ' அங்கேயும் 'தூ'தான். தமிழ்க் காதுக்கு 'த்யூ', 'தூ' இரண்டும் ஒன்றாகக் கேட்பது வகுப்பில் எல்லோருக்கும் வரும் சிக்கல். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாநிலத்தில் அந்தச் சிக்கலே இல்லை: 'ஸ்' கேட்டால் நீ, கேட்காவிட்டால் எல்லாம்.

இரண்டாவது. மெய்யில் முடியும் அசையில் 'ஈ', 'ஊ' தளர்ந்துவிடும். விரைவாக என்ற 'வீத்', ஆங்கிலத்தின் 'பிட்' என்ற சொல்லில் வரும் உயிரோடு 'வித்' என்று வரும். வாழ்க்கை என்ற 'வீ' உயிரில் முடிவதால் மாறாது. ர், வ் போன்ற ஒலிகளில் முடியும் சொற்களும் மாறாது.

மூன்றாவது விதியில் நமக்குப் பெரிய சலுகை. கியூபெக் பிரெஞ்சில் குறில் நெடில் உயிரோடு இருக்கிறது. விலங்கின் கால் 'பத்', பிசைந்த மாவு 'பாத்'. போடுவது 'மெத்ர்', எஜமானர் 'மேத்ர்'. பாரிஸில் பெரும்பாலோர் இந்த ஜோடிகளை ஒன்றாக்கிவிட்டார்கள். கல், கால் என்று பிரித்துப் பழகிய நமக்கு இது தானாக வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வேகமாகப் பேசும்போது அந்த நெடில் இரண்டாக உடையும். அப்பா என்ற 'பேர்', 'பாயர்' போலக் கேட்கும்.

நான்காவது, மூக்கொலி. காற்று என்ற சொல்லை மாண்ட்ரியல்காரர் சொன்னால், பாரிஸ் ஒலிப்பில் பழகிய காதில் அது வைன் என்ற சொல்லாக விழும். வெள்ளை என்பதிலும் இதே நகர்வு. நாக்கை முன்பக்கமாக வைத்துச் சொல்வதால் வருவது. மூக்கொலியை மட்டும் நம்பிப் பொருளை முடிவு செய்யாமல், அடுத்த சொல்லுக்குக் காத்திருங்கள்.

ஐந்தாவது, சுருக்கம். 'ஜ ஸ்வி' (நான் இருக்கிறேன்) 'ஷ்யூ' ஆகும். அவன் என்ற 'இல்', 'இ' ஆகும். அவள் என்ற 'எல்', வெறும் 'ஆ' ஆகும். மேசையின் மேல் என்பதில் வரும் 'ஸ்யூர் லா', 'ஸா' ஆகும். நீங்கள் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான், ஏனென்றால் வாக்கியத்தின் தொடக்கமே கரைந்துவிடுகிறது.

பயிற்சிக்குச் செய்தி வேண்டாம். செய்தி வாசிப்பவர்கள் பேசுவது பொது வழக்குக்கு நெருக்கமானது, அதனால்தான் உங்களுக்கு அது புரிகிறது. நேயர்கள் தொலைபேசியில் பேசும் வானொலி நிகழ்ச்சியோ ஹாக்கி அரட்டையோ இரண்டு நிமிடம் எடுங்கள். எழுத்து இல்லாமல் மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வொரு இடமும் ஐந்தில் எந்த விதி என்று குறியுங்கள். எந்த விதி அதிகம் வருகிறதோ அதற்கு அந்த வாரம் முழுவதையும் கொடுங்கள்.

பிரவீன், கோவை: "த்யூ வே-த்யூ அன் கஃபே" என்கிறார்கள். உனக்குக் காபி வேண்டுமா என்பதில் 'நீ' எதற்கு இரண்டு தடவை?

பதில்: இரண்டாவது 'த்யூ' நீ இல்லை, தம்பி. அது நம் 'ஆ'. வேணுமா, இருக்கா, போலாமா என்பதில் கடைசியில் ஒட்டும் அதே வினா எழுத்தின் வேலையைச் செய்கிறது. "யா-த்யூ த்யூ லே" என்றால் பால் இருக்கா. "ஜ பே-த்யூ" என்றால் நான் செய்யலாமா. இங்கே யாரும் 'நீ' இல்லை, பாருங்கள். பழைய பிரெஞ்சில் 'வருகிறானா' என்பதன் முடிவில் வந்த 'தில்', ல் உதிர்ந்து 'தி' ஆனது. அந்தத் 'தி' எல்லா இடங்களுக்கும் பரவி, கியூபெக்கில் 'த்யூ' ஆயிற்று.

எங்கே, எப்போது, ஏன் போன்ற சொற்கள் உள்ள கேள்வியில் இது வராது. தமிழில் "எங்கே போறியா" என்று சொல்லமாட்டோம் இல்லையா, அதே தடை. வினைச்சொல்லுக்கு அடுத்தபடியாகத்தான் ஒட்டும். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், நண்பர்களிடம் பேசுங்கள். மின்னஞ்சலிலும் நேர்காணலிலும் வாக்கியத்தின் முன்னால் 'எஸ் க' என்ற வினாத்தொடர் போட்டே கேளுங்கள்.

செல்வராணி, லா கூர்னெவ்: நான் பாரிஸ் பக்கம் இருவது வருசமா இருக்கிறன். மொன்றியாலிலை தம்பியின்ரை பிள்ளையள் கதைக்கிறது பிழையான பிரெஞ்சு எண்டு இஞ்சை எங்கட ஆக்களே சொல்லுகினம். உண்மையோ, பிள்ளை?

பதில்: இல்லை அம்மா. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

கியூபெக் நகரம் 1608இல் நிறுவப்பட்டது. குடியேறியவர்கள் பிரான்சின் நார்மண்டி, பெர்ஷ், புவாத்து, பாரிஸ் வட்டாரம் எனப் பல இடத்தவர்கள். 1663 முதல் 1673 வரை மன்னர் பதினான்காம் லூயி சுமார் 800 பெண்களைக் குடியேற அனுப்பினார். 'அரசரின் மகள்கள்' என்று பெயர். அவர்களில் கணிசமானோர் பாரிஸ் வட்டாரப் பெண்கள். வீட்டில் தாய் பேசும் மொழி பிரெஞ்சாக இருந்ததால், அங்கே எல்லோரும் சீக்கிரமே ஒரே பிரெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். பிரான்சிலோ 1794இல் பாதிரியார் கிரெகுவார் கொடுத்த அறிக்கை, குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது என்றது. ப்ரெத்தோன், ஒக்ஸித்தான், அல்சேஸ் மொழி எல்லாம் தனி மொழிகள், பிரெஞ்சின் வட்டார வழக்குகள் அல்ல.

1763இல் 'புதிய பிரான்ஸ்' என்ற அந்தக் குடியேற்ற நாடு பிரித்தானியர் கைக்குப் போனது. தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு பாரிஸில் புரட்சி வந்து, எது மதிப்பான உச்சரிப்பு என்பதே மாறிப்போனது. உங்கள் மருமக்கள் வீட்டில் யாராவது வயதானவர், நான் என்ற 'முவா'வுக்குப் பதில் 'முவே' என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். புரட்சிக்கு முன் அரசவையிலேயே மன்னரை இன்றைய 'ருவா' இல்லாமல் 'ருவே' என்றுதான் சொன்னார்கள். மாறியது பாரிஸ்.

காரில் ஏறுவதை 'அம்பார்கே' என்பார்கள், அதாவது கப்பலேறுவது. இறங்குவது 'தெபார்கே'. கதவைப் பூட்டுவது 'பாரே', குறுக்குக் கட்டை போடுவது. கடலோடி வந்தவர்களின் வாழ்க்கை அந்தச் சொற்களில் அப்படியே இருக்கிறது.

அனுஷா, புதுச்சேரி: எந்தெந்தச் சொற்களால் உண்மையிலேயே சங்கடம் வரும்?

பதில்: முதலில் சாப்பாடு, ஏனென்றால் நேரம் தவறும். பிரான்சில் காலை 'ப்தி தேஜெனே', மதியம் 'தேஜெனே', இரவு 'தினே'. கியூபெக்கில் காலை 'தேஜெனே', மதியம் 'தினே', இரவு 'சூப்பே'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் அப்படியே. அலுவலகத்தில் 'தினே'வுக்கு வாருங்கள் என்றால் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். இரவு போனால் கதவு பூட்டியிருக்கும். பழக்கம் வரும்வரை கூடவே மணியையும் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து 'கோஸ்'. பிரான்சில் பேச்சுவழக்கில் பிள்ளைகள் என்று பொருள். கியூபெக்கில் ஆண் விதை. "உங்கள் கோஸ் நலமா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், 'ஆன்ஃபான்' என்று சொல்லுங்கள். 'லிக்கர்' கேட்டால் மது வராது, சோடா வகைக் குளிர்பானம் வரும். 'எஸ்பாத்ரிய்' என்றால் ஓடுவதற்கான காலணி. 'ப்லோந்த்' என்றால் காதலி, முடி என்ன நிறமாக இருந்தாலும் சரி. நன்றி சொன்னால் 'பியான்வெனு' என்பார்கள். உங்களை வரவேற்கவில்லை, 'பரவாயில்லை' என்கிறார்கள்.

திட்டுச்சொற்கள் கோயில் பொருட்களிலிருந்து வந்தவை: நற்கருணைப் பேழை, கிண்ணம், அப்பம். பாரிஸ்காரருக்கு அவை ஒன்றுமில்லை, கியூபெக்கில் கடுமையானவை. வேடிக்கைக்குக்கூடச் சொல்லிப் பார்க்காதீர்கள்.

கியூபெக்கில் ஆங்கிலம் கலக்கிறது என்பார்கள். பிரான்சில் 'வீக்கெண்ட்', 'ஷாப்பிங்' என்று பேசும்போது கியூபெக்கில் 'ஃபான் த செமேன்', 'மகாஸினாஜ்' என்கிறார்கள். பிரான்சில் சாலைப் பலகை 'ஸ்டாப்' என்கிறது, கியூபெக்கில் 'ஆரே'. பிரெஞ்சைக் காக்கக் கியூபெக் 1977இல் கொண்டுவந்த 101ஆம் சட்டத்துக்குப் பின்னால் இருப்பதும், ஆங்கிலம் பிரெஞ்சை விழுங்கிவிடுமோ என்ற இந்தக் கவலைதான்.

கேள்வி: தொண்ணூறுக்கு 'நோனாந்த்' எங்கே சொல்லலாம்?

பதில்: பெல்ஜியம், சுவிட்சர்லாந்து. எழுபதுக்கு 'செப்தாந்த்'தும் அங்கே உண்டு. எண்பதுக்கு 'உய்தாந்த்' என்பது வோ, வலே, ஃப்ரிபூர் போன்ற சுவிஸ் மாநிலங்களில்தான். பெல்ஜியமும் ஜெனீவாவும் 'கத்ர் வான்' என்கின்றன. கியூபெக் பிரான்ஸைப் போல எண்ணும். பிரான்சில் தொலைபேசி எண் குறிக்கும்போது 'கத்ர் வான்' கேட்டதும் 80 என்று எழுதிவிடாதீர்கள். பின்னால் 'தூஸ்' (பன்னிரண்டு) வந்தால் அது 92. அந்த இரட்டை இலக்க எண் முடியும்வரை பேனாவைத் தூக்கி வைத்திருங்கள்.

ஆதவன்: மாங்க்டனில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கியூபெக் பிரெஞ்சு பழகினால் போதுமா?

பதில்: போதாது. மாங்க்டன் இருக்கும் நியூ பிரன்ஸ்விக் மாநிலம், அகாதியர் என்ற பிரெஞ்சு வழியினரின் நாடு, வேறு குடியேற்றம், பெரும்பாலும் புவாத்துப் பக்கத்தவர்கள். நான் மேலே சொன்ன முதல் விதி, 'த்ஸ்', அங்கே பொதுவாக இல்லை. அதற்குப் பதில் 'க்', 'த்' ஒலிகள் 'ச்' பக்கம் போகும். துறைமுக மேடை 'கே', சிலர் வாயில் 'சே' ஆகிவிடும். முதியவர்களிடம் "ஜ பார்லோன்" கேட்கலாம். நான் என்ற சொல்லோடு நாங்கள் என்பதன் வினை. 'எஸ்பெரே' என்றால் நம்புவது இல்லை, காத்திருப்பது.

இளைஞர்கள் பேசுவது ஷியாக். ஆங்கில வினைச்சொல்லுக்குப் பிரெஞ்சு விகுதி போடுவார்கள்: 'வாட்ச்' வினை 'வாட்சே' ஆகும். மிக நல்லது என்பதை "செ ரைட் போன்" என்பார்கள். கண்டபடி கலப்பதாகத் தோன்றும், ஆனால் விகுதியும் இலக்கணமும் பிரெஞ்சு.

1755இல் பிரித்தானியர் அகாதியர்களை நாடு கடத்தத் தொடங்கினார்கள். சிதறியவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் லூயிசியானா சேர்ந்தார்கள். 'அகாதியான்' தேய்ந்து 'காதியான்', அது 'கேஜன்' ஆனது. 'தி' ஒலி 'ஜ' பக்கம் நகர்ந்ததை அந்தப் பெயரிலேயே கேட்கலாம்.

மெரினா: நியூஃபவுண்ட்லாந்தில் அறைத்தோழி "ஐயாம் ஆஃப்டர் ஈட்டிங்" என்றாள். சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று தட்டு எடுத்து வைத்தேன். ஏன் சிரித்தாள்?

பதில்: அவள் சாப்பிட்டு முடித்துவிட்டாள். 'இப்போதுதான் முடித்தேன்' என்பதற்கு அயர்லாந்து மொழியில் உள்ள அமைப்பு அப்படியே ஆங்கிலச் சொற்களில் ஏறியிருக்கிறது. "ஐயாம் ஆஃப்டர் லூசிங் மை கீஸ்" என்றால் சாவி ஏற்கெனவே தொலைந்துவிட்டது. அந்தத் தீவுக்கு வந்தவர்கள் முக்கியமாக இரண்டு இடத்தவர்கள்: அயர்லாந்தின் தென்கிழக்கு, இங்கிலாந்தின் தென்மேற்கு. 1949இல்தான் அது கனடாவில் சேர்ந்தது, அதனால் பேச்சு தனியாகவே வளர்ந்தது. "வேர்ஸ் தட் டு" என்றால் அது எங்கே இருக்கிறது. இது இங்கிலாந்துப் பக்கத்துச் சொத்து. "ஐ கோஸ்" என்பதையும் திருத்தப் போகாதீர்கள், அங்கே தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாவற்றுக்கும் அந்த 'ஸ்' வரும்.

தர்சினி, மொன்றியால்: மகள் இங்கிலீசிலை "க்ளோஸ் த லைட்" எண்டுறாள். ரொறொன்ரோ சொந்தக்காரர் பகிடி பண்ணுகினம். திருத்தவோ?

பதில்: வீட்டில் திருத்த வேண்டாம். கியூபெக் பிரெஞ்சில் விளக்கை 'மூடுவது' வழக்கம், அது மாண்ட்ரியல் ஆங்கிலத்தில் இறங்கியிருக்கிறது. மூலைக்கடையை 'டெப்' என்பதும் அப்படியே, 'தெபனர்' என்பதன் சுருக்கம். நீங்கள் விளக்கை நூருங்கோ என்பீர்கள், நான் அணையுங்கள் என்பேன், இதில் யார் யாரைத் திருத்துவது? பள்ளிக் கட்டுரையில் மட்டும் 'டர்ன் ஆஃப்' எழுதப் பழக்குங்கள்.

டொராண்டோக்காரர்களுக்கும் தங்கள் ஒலி உண்டு. 'ரைட்டர்', 'ரைடர்' இரண்டிலும் நடுமெய் ஒன்றாகவே கேட்கும். முதல் உயிர் ஒன்றில் உயர்ந்து சுருங்கியும் மற்றதில் திறந்தும் இருப்பதை வைத்துத்தான் பிரிப்பார்கள். 'அபவுட்' வித்தியாசமாகக் கேட்பதற்கும் அதே காரணம். அது 'அபூட்' அல்ல.

நவீன், மதுரை: கனடாக் குடியேற்றத்துக்கான பிரெஞ்சுத் தேர்வு, டெஃப் கனடா, அதுக்கு இதெல்லாம் தேவையா?

பதில்: பேசுவதற்குத் தேவையில்லை, காதுக்கு உதவும். அந்தத் தேர்வை நடத்துவது பாரிஸ் வட்டார வணிகச் சபை. பேச்சுத் தேர்வு இரண்டு பகுதி. முதல் ஐந்து நிமிடம் ஒரு விளம்பரம் பற்றி முன்பின் தெரியாதவரிடம் விவரம் கேட்பது. அங்கே 'வூ' (நீங்கள்) மட்டும், 'எஸ் க' வைத்த கேள்விகள். அடுத்த பத்து நிமிடம் நண்பரைச் சம்மதிக்க வைப்பது, அங்கே 'த்யூ'. பலர் முதல் பகுதியின் வேகத்திலேயே நண்பரையும் 'வூ' போட்டுப் பேசி மதிப்பெண் இழக்கிறார்கள். இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு மூச்சு எடுத்து, "த்யூ சே" (உனக்குத் தெரியுமே) என்று தொடங்கிவிடுங்கள். முதல் சொல் சரியாக விழுந்தால் மீதி அதன் பின்னால் வரும்.